மாப்பிள்ளை விருந்துக்குப் பார்த்த கொடுவா

காசிமேட்டில் மீன் வெட்டும் இன்னாசிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பக்கத்திலேயே கல்மண்டபம் பகுதியில் பிறந்து, இளவயதில் விசைப்படகில் ஏறியவர், துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தார். ஒரு பருவம் முழுக்க எடுத்தார். அதன்பிறகு ஒரு மரக்கட்டையும் இரண்டு கத்தியுமாகக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன் விற்கும் பச்சையம்மாவின் பக்கத்தில் அவருக்கு இடம். அவளிடம் வாங்குகிறவர்கள் அப்படியே திரும்பி இவரிடம் வெட்டிக்கொள்வார்கள்.

வெட்டும்போது ஏதாவது ஒரு செய்தி சொல்லுவார். நண்டுக்குப் பல் வயிற்றுக்குள் இருக்கிறது. கணவாய்க்கு இதயம் மூன்று, இரத்தம் நீலம். முதல் உலகப் போரில் ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. செய்தித்தாள், கைபேசி, மீனவர்களுக்கான கூட்டம் என்று எங்கிருந்தோ பொறுக்கிவிடுவார். ஞாயிறுதோறும் அங்கே மீன் வாங்கும் நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் சரிபார்ப்பேன். அநேகமாகச் சரியாகவே இருக்கும். ராயபுரம் ரயில் நிலையம் ஆசியாவிலேயே முதலாவது என்றது தவறு, தென்னிந்தியாவில்தான் முதலாவது. அடுத்த ஞாயிறு திருத்தினேன். ஏற்றுக்கொண்டார், ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு செய்தி எதுவும் கிடைக்கவில்லை.

போன மாசியில் மாதவரத்திலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை விருந்துக்கு மீன் வாங்க வந்தது. பச்சையம்மாவிடம் இருந்த பெரிய கொடுவா அவர்களுக்குப் பிடித்துப்போய், விலையும் பேசி முடிந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு: செதிலில் கத்தி பட்ட மீனைத் திருப்பித் தரக்கூடாது. அதுவரை மனம் மாறலாம். இன்னாசி கத்தியை வைப்பதற்கு முன் வாயைத் திறந்துவிட்டார். கொடுவா சின்னதில் ஆணாக இருக்கும், வளர்ந்து பெரிசானதும் பெண்ணாக மாறிவிடும் என்றார். இது சரி.

பெண்ணின் அத்தை மீனைப் பார்த்தாள்.

"இத்தப் போயா புது மாப்ளைக்கு ஆக்கிப் போடுறது?"

அடுத்த கடையில் இறால் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பச்சையம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கத்தி ஓடட்டும் இன்னாசி, வாய் ஓட வாணாம். இன்னொரு தபா தொறந்தன்னா, கட்டையத் தூக்கினு போய்க்கினே இரு."

வேறு யாரும் அவரைப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். அவர் வாயை அறியாதவர் அங்கே இல்லை. வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். கட்டை போனால் மிச்சம் இருப்பது படகுதான்.

அடுத்த ஞாயிறு உதட்டை இறுக்கிக்கொண்டு வெட்டினார். சனங்களுக்கு இது பிடிபடவில்லை. எப்போதும் பேசுகிறவர் பேசாவிட்டால் மீனில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சங்கரா மீனின் செவுளைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போனார். நானே என் கிழங்கான் மீனை ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். வெயில் ஏறி ஐஸ் கரைய ஆரம்பித்தது. பச்சையம்மாவின் மீன் பாதிகூடப் போகவில்லை. நடுவில் இன்னொரு பெரிய கொடுவா.

வாராவாரம் வருகிற ரமாபாய் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இன்னாசியைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இவரு வாயில கொயக்கட்டை? மீனு நேத்துதா?"

காலையில் வந்த மீன்தான் என்று பச்சையம்மா சத்தியம் செய்தாள். ரமாபாய் மீனைக் கீழே வைத்தார்.

பச்சையம்மா பல்லைக் கடித்தாள். "சொல்லித் தொலயேன்யா."

ஒரு வாரம் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. கொடுவாவில் தொடங்கி, கேட்காமலே சுறாவுக்கு எலும்பு இல்லை என்பது வரை போனார். ரமாபாய் கொடுவாவிலேயே நின்றுவிட்டார்.

"வயசானா பொம்பளயா மாறிடுமா? அப்ப வெட்டு. எங்க வூட்டுக்காரரு துன்னட்டும். மாறினாருன்னா ஒரு வேளையாச்சும் சோறாக்குவாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் வாங்கவும் செய்தார்கள். பச்சையம்மாவுக்குத் தொழில் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு வஞ்சிரத்தை உயரத் தூக்கிப் பிடித்து, இதுவும் சின்னதில் ஆம்பளை, பெரிசானால் பொம்பளை என்று கூவினாள்.

வஞ்சிரம் அப்படி மாறுவதில்லை. இன்னாசிக்கும் அது தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா இன்னாசி, சொல்லேன்," என்றாள் பச்சையம்மா.

"நீ சொன்னா சரிதான்க்கா," என்று குனிந்துகொண்டார்.