எதிரணிக்குக் கைதட்டிய பாக்கியநாதன்

பாக்கியநாதனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. அதுவும் ஆப்பிரிக்கக் கால்பந்து. ஓர் ஆளைப் பிடிக்காமல் போனதால் பிடித்த பைத்தியம் அது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வீடு கட்டுகிற கம்பி உருட்டும் ஒரு மில்லில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. சிவக்கக் காய்ந்த இரும்பு வரிசையாக நிற்கும் உருளை ஸ்டாண்டுகளுக்குள் நுழைந்து நுழைந்து மெலிந்து, கடைசியில் கம்பியாக வெளியே வரும். ஒவ்வொரு ஸ்டாண்டின் வாயிலும் கம்பியை நேராக உள்ளே அனுப்ப ஓர் இரும்புத் தாடை உண்டு. கைடு என்பார்கள். கைடு ஒரு நூல் விலகினாலும் கம்பி வழி தப்பி வெளியே பாயும். நெருப்பாக இருக்கிற கம்பி. எதிரில் ஆள் நிற்கிறானா என்று அது பார்க்காது. அந்தக் கைடுகளை வைத்து இறுக்குவதுதான் பாக்கியநாதனின் வேலை.

போன வருஷம் ஆகஸ்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மே மாதத்தோடு மில் மூடப்படும். கம்பெனி ஆந்திரப் பக்கம் புது மில் கட்டிவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே இடம் இல்லை. இங்கிருக்கும் பழைய எந்திரம் மொத்தத்தையும் கழற்றித் தான்சானியாவில் ஒரு கம்பெனிக்கு விற்றாயிற்று. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள அங்கிருந்து ஓர் ஆள் வருவான்.

மேனேஜர் பாக்கியநாதனைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீதான் அந்தாளுக்குச் சொல்லித் தரணும், பாக்கியம்."

"எங்க கழுத்த அறுக்கறதுக்கு நாங்களே கத்தி தீட்டித் தரணுமா சார்?"

மேனேஜர் காதில் விழாத மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

வந்தவன் பெயர் பராக்கா. முப்பத்து நான்கு வயது, நல்ல உயரம், ஊரில் ஒரு சின்ன மில்லில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். மில் ஆட்கள் அவனை எடுத்த எடுப்பிலேயே வெறுத்தார்கள். கேன்டீனில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. புதுவாயலில் அவனுக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். அவன் நிறத்தைக் கிண்டல் செய்தவர்களில் பாதிப் பேர் இரும்பைக் காய்ச்சும் ஃபர்னஸ் முன்னால் வருஷக்கணக்காக நின்று அவனைவிடக் கறுத்துப் போனவர்கள். அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

பாக்கியநாதன் கிண்டல் செய்யவில்லை. அவர் முதுகைக் காட்டினார். கைடு வைக்கும்போது பராக்காவுக்கும் எந்திரத்துக்கும் நடுவில் தன் அகலமான முதுகை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவன் ஏதாவது கேட்டால், "பாரு, கத்துக்கோ" என்பார். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

மில்லில் வேலை ஆறு மணிக்கு முடியும். ஆறரைக்குக் கேன்டீனில் பராக்கா செல்போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு மேட்ச் பார்ப்பான். அவன் ஊர்க் கிளப், பஹாரி யுனைடெட். ஆரஞ்சு ஜெர்சி. ஆப்பிரிக்க நாடுகளின் கிளப்புகள் மோதுகிற கோப்பையில் அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தகுதிச் சுற்றைத் தாண்டி வந்திருந்தது. அவனுடைய கம்பெனி முதலாளிதான் அந்தக் கிளப்புக்கும் புரவலர்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. மில்லுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால் எல்லாரும் இருந்தார்கள். பஹாரி கோல் போட்டது. பராக்கா எழுந்து நின்று கத்தினான். டீ எடுத்துக்கொண்டு போன கிரேன் ஆப்பரேட்டர் குணா திடுக்கிட்டுப் பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"இன்னாடா கூத்து இது? எவன் கூட ஆடறானுங்கோ?" என்றான் குணா.

பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார். எதிரணி வெள்ளை ஜெர்சியில் இருந்தது. கேமரூன் நாட்டு அணி என்று திரையில் போட்டிருந்தது.

"எவனா இருந்தா இன்னா? இவனுக்கு எதிர்ல எவன் ஆடறானோ அவன்தான் நம்ம டீமு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பராக்காவின் செல்போனுக்குப் பின்னால் கூட்டமாக நின்று கேமரூன் அணிக்குக் கைதட்டினார்கள். பராக்கா திரும்பி ஒரு தரம் பார்த்தான். பிறகு செல்போனை இன்னும் கொஞ்சம் அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. பஹாரி ஜெயித்தது.

மறுநாள் காலை அவன் சட்டைக்குள் ஆரஞ்சு ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து பாக்கியநாதன் எதிரில் நின்றான். அதற்குள் கொஞ்சம் தமிழ் பேச வந்திருந்தது.

"இன்னாண்ணா, கேமரூன் இன்னா ஆச்சு?"

பாக்கியநாதனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலமே மகளிடம் சொல்லித் தன் செல்போனில் கால்பந்து ஆப் ஒன்றைப் போட வைத்தார். அடுத்து யார், எந்த நாடு, எந்தத் தேதி, யாருக்குக் காலில் அடி, எவன் தலையால் நன்றாக முட்டுவான் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார்.

"ரேஷன்ல எண்ணெ போடறான்னு நாலு வாட்டி சொன்னேன், மறந்துட்ட. மொராக்கோ கோல்கீப்பர் பேரு மட்டும் மனப்பாடமா?" என்றாள் அவர் மனைவி ஆரோக்கியமேரி.

"உனுக்குப் புரியாது. அவனுங்கோ தோக்கணும், அவ்ளோதான்."

"தோத்தா உன் வேல திரும்ப வந்துருமா?"

அவர் அகராதியைப் புரட்டினார்.

பஹாரி தோற்பதாக இல்லை. மொராக்கோ அணியோடு டிரா, மாலி அணியை அங்கேயே போய் ஜெயித்தது. ஜனவரியில் பிரிவில் இரண்டாவதாக வந்து காலிறுதிக்குள் நுழைந்தது. வெறுப்பதற்காகவே பார்த்துப் பார்த்து அந்த அணியைப் பாக்கியநாதனுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நம்பர் ஜெர்சிக்காரன், இடப்பக்கத் தடுப்பாளன், மெதுவாகத் திரும்புகிறவன் என்பதைக் கண்டுபிடித்து எல்லாரிடமும் சொன்னார்.

"அந்தப் பக்கம் ஒருத்தன் வேகமா வந்தான்னா முடிஞ்சிச்சி கத. எழுதி வெச்சிக்கோ," என்று பராக்காவிடமே சொன்னார்.

"உன் வாய்ல மண்ணு," என்றான் பராக்கா. அதுவும் மில்லில் கற்றுக்கொண்டதுதான்.

மார்ச் கடைசி ஞாயிறு அன்று காலிறுதி, ஊருக்கு ஒன்றாக ஆடும் இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது. எகிப்து அணியோடு. மேனேஜர் அன்று காலையில் பாக்கியநாதனைக் கடிந்துகொண்டிருந்தார். ஏழு மாசமாகியும் அந்த ஆளுக்கு ஒரு கைடுகூடத் தனியாக வைக்கத் தெரியவில்லை என்றால் உன் அனுபவ சர்டிபிகேட்டில் நான் என்ன எழுதுவது என்று கேட்டார். பாக்கியநாதன் திரும்பி வந்து, "வையிடா, இன்னிக்கி நீயே வையி" என்று பராக்காவிடம் நாலாவது ஸ்டாண்டைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பராக்கா வைத்தான். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. மதியம் மூன்று மணிக்குப் பாக்கியநாதன் அந்தப் பக்கம் போனபோது கைடின் கீழ் போல்ட் ஆடுவதைப் பார்த்தார். பராக்கா நேர் எதிரில் நின்றிருந்தான். ஒரு வார்த்தை போதும். கையைத் தூக்கினாலே ஆப்பரேட்டர் நிறுத்திவிடுவான்.

சிக்கட்டும் என்று நினைத்தார். கம்பி சிக்கி மில் நிற்கட்டும், இவன் வேலையின் லட்சணத்தை மேனேஜர் வந்து பார்க்கட்டும். அவர் நினைத்தது அவ்வளவுதான் என்று பிற்பாடு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். ஆனால் கம்பி சிக்குவதும் உண்டு, பாய்வதும் உண்டு என்பது இருபத்திரண்டு வருஷமாக அவருக்குத் தெரியும்.

பாய்ந்தது. பராக்கா ஒதுங்கிக் குதித்ததால் உயிர் தப்பினான். இடது தொடையைக் கம்பி உரசிக்கொண்டு போனது. பாக்கியநாதன் ஓடி எமர்ஜென்சி ஸ்விட்சை அடித்தார். அதற்குள் பராக்காவின் அலறல் ஷெட்டின் மறுகோடி வரை கேட்டுவிட்டது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, ஆறரைக்குக் கேன்டீனில் பழக்கதோஷத்தில் குணா மேட்சைப் போட்டான். எகிப்து அணி ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது. குணா, "சே!" என்று தொடையில் தட்டினான்.

"மூட்றா அத்த," என்றார் பாக்கியநாதன்.

"இன்னாண்ணா ஆச்சு உனுக்கு?"

"மூட்றான்னு சொல்றேன்ல!"

பஹாரி இரண்டு கோலில் ஜெயித்து அரையிறுதிக்குப் போனதை வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்க்கப் போகிறேன் என்று ஆரோக்கியமேரியிடம் சொன்னார். அவன் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் போனார். பராக்கா கட்டிலில் சாய்ந்திருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"நீ போல்ட்டு பாத்த," என்றான். "அப்பறம் என்னைய பாத்த. அப்பறம் சும்மா நின்ன."

பாக்கியநாதன் வாசல் பக்கம் பார்த்தார். நர்ஸ் யாரும் இல்லை.

"தப்பு தாம்பா. மன்னிச்சிக்க."

"அது எனக்கு வேணாம், நீயே வெச்சிக்கோ." அதற்கு மேல் அவன் தமிழ் போதவில்லை. நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னான். எந்திரம் எப்படியும் கப்பலேறும். அங்கே அதன் முன்னால் பதினோரு பேர் நிற்பார்கள். எனக்கு வேலை தெரியாவிட்டால் அவர்கள் வேகுவார்கள். உனக்குத் தெரிந்தது முழுக்க, ஒன்று விடாமல், எனக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் நீ என்ன பார்த்தாய் என்று எழுதிக் கொடுப்பேன். உனக்கு சர்டிபிகேட் கிடைக்காது, போலீஸ்தான் வரும்.

"மெரட்றியா?"

"ஆமா," என்றான் பராக்கா.

அன்று ஆரோக்கியமேரியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, அவர் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள். ஒன்பது நாள் அவரிடம் பேசவில்லை. பத்தாம் நாள் பேசினாள். "அந்தாளுக்குச் சொல்லிக் குடுக்கறியா இல்லியா?" என்றுதான் கேட்டாள்.

சொல்லிக்கொடுத்தார். பராக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி மாசக் கடைசி வரை, காலை எட்டிலிருந்து ஆறு வரை, ஒவ்வொரு ஸ்டாண்டாக. பராக்கா கட்டுப் போட்ட காலோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு எழுந்து வைப்பான். தவறினால் பாக்கியநாதன் திட்டுவார். தவறாதபோதும் திட்டுவார். பராக்கா ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்பான், அவர் எரிந்து விழ வேண்டும் என்பதற்காகவே கேட்கிறானோ என்று தோன்றும். ஆனால் இந்த முறை அவர் முதுகைக் காட்டவில்லை. போல்ட்டை இறுக்கிய பிறகு விரலால் அல்ல, புறங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். உருளை சூடேறிய அரை மணியில் மறுபடி இறுக்க வேண்டும். கம்பியின் நுனியில் பிளவு தெரிந்தால் யாரையும் கேட்காமல் வெட்டிவிட வேண்டும். கூடவே வேலை செய்தவர்களுக்குக்கூட இதுவரை சொல்லாததையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். அல்ஜீரிய அணியோடு அங்கே நடந்த முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. இது பராக்காவின் ஊரிலேயே. கேன்டீனில் மொத்த மில்லும் கூடி அல்ஜீரியாவுக்குக் கைதட்டியது. பாக்கியநாதனும் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எழுபத்தெட்டாவது நிமிஷம் அல்ஜீரிய ஆள் ஒருவன் வலது ஓரமாகப் பறந்து வந்தான். மூன்றாம் நம்பர் திரும்புவதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. கேன்டீன் அதிர்ந்தது. குணா பெஞ்சின் மேல் ஏறி ஆடினான். பாக்கியநாதனுக்கும் கூச்சல் தொண்டை வரை வந்தது. நவம்பரிலிருந்து காத்திருந்த கூச்சல். அது வெளியே வரவில்லை.

ஆட்டம் முடிந்தது. பஹாரி வெளியேறியது. பராக்கா செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"மூணாம் நம்பரு," என்றான், யாரிடமும் இல்லாமல்.

"நான்தான் அப்பவே சொன்னேனே."

"அவனுக்கு முட்டி வலி. உனக்குத் தெரியுமா?"

"வலின்னா எதுக்கு எறக்கறான் உன் கோச்சு? வெளிய உக்கார வெக்க வேண்டியதுதான? பதினாலாம் நம்பரு சும்மாதான குந்திக்கினு கீறான்?"

"பதினாலு! அவன் ஒரு கழுத! மாலி மேட்ச்ல பாக்கல நீ?"

"பாத்தேன்டா! முழுசாப் பாத்தேன்! அவன் அங்க நல்லாத்தான் ஆடுனான்!"

இருவரும் எழுந்துவிட்டார்கள். குரல் ஏறியது. பராக்கா ஊன்றுகோலைத் தரையில் அடித்தான். பாக்கியநாதன் அவன் சட்டையைப் பிடித்தார். குணாவும் இன்னும் இரண்டு பேரும் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்கள். அந்தக் கேன்டீனில் அந்தச் சண்டை புரிந்த ஆட்கள் அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் பராக்காவைக் கேலி பேசிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

மே மாதம் எந்திரத்தைக் கழற்றினார்கள். கடைசி டிரெய்லர் கிளம்பிய அன்று பராக்கா பாக்கியநாதனிடம் விடைபெற வரவில்லை. இவரும் கேட் பக்கம் போகவில்லை.

ஜூலையில், தடாவுக்கு இந்தப் பக்கம் இன்னொரு சின்ன ரோலிங் மில்லில் புது ஆட்களைப் பழக்க ஓர் அனுபவசாலி தேவை என்று கேள்விப்பட்டுப் பாக்கியநாதன் போனார். அங்கே இருந்தவர் வயதைப் பார்த்துத் தயங்கினார்.

"இதுக்கு முன்ன யாருக்காவது முழுசா சொல்லிக் குடுத்துருக்கீங்களா?"

"ஒருத்தனுக்கு."

"அவர் நம்பர் இருக்கா? கேட்டுக்கலாமா?"

இருந்தது. எதற்கு வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் செல்போனையே பார்த்துக்கொண்டு இருந்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் செல்போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள்.

"பேசினோம். வேல முழுசா தெரிஞ்ச ஆளு, சொல்லிக் குடுத்தது எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாரு. ஆளு எப்படின்னு கேட்டோம். அதப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஏதாவது தகராறா?"

"ஆமாங்க," என்றார் பாக்கியநாதன். "தப்பு என்னுதுதான்."

அந்தப் பக்கம் யாரிடமோ கலந்து பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "திங்கக்கெழம வேலைக்கு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.