ஆறு பட்டன், நாலு நாற்று

ஒனேசிம் துகே நாற்பத்திரண்டு வருஷம் சிங்கி இறால் பிடித்தவர். அத்தனை வருஷத்தில் சட்ட அளவுக்குக் குறைந்த ஒரு சிங்கியைக்கூட அவர் கரைக்குக் கொண்டுவந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். பக்கத்து வீட்டு க்ளோவிஸ்தான் சொல்வார், அதுவும் குறைபட்டுக்கொண்டு. க்ளோவிஸ் மீன்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷம் படகுத்துறையில் நின்று ஒனேசிமின் பெட்டிகளைக் கிளறிப் பார்த்தும் ஒரு தடவைகூடக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. வடக்குக் குளிர்கடலோரத்து எங்கள் லமெக் தீவில் இப்படி ஒரு மீனவர் இருந்தது தன் உத்தியோகத்துக்கே இழுக்கு என்பது அவர் எண்ணம்.

படகை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டு ஒனேசிம் மண்ணுக்கு வந்து இது மூன்றாவது வசந்தம். மண் என்றால் ஏக்கர் கணக்கில் ஒன்றும் இல்லை. கொட்டகையின் தெற்குச் சுவரை ஒட்டி, ஆள் உயர வேலிக்குள், பூட்டுப் போட்டு, நாலு கஞ்சாச் செடி வளர்க்க ஓர் இடம். இங்கே வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம் என்பது சட்டம். சட்டம் நாலு என்றால் ஒனேசிமுக்கும் நாலுதான். அவர் புகைப்பதில்லை. அந்த வாடையே அவருக்கு ஆகாது. செடி லியோந்தினின் விரல்களுக்காக.

லியோந்தின் அவர் மனைவி. முப்பத்தோரு வருஷம் நண்டுக் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு நண்டு உடைத்தவள். அந்த ஐஸ் இன்னும் அவள் விரல்களை விட்டுப் போகவில்லை. முட்டிகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அக்காள் சொன்னாள் என்று அந்தப் பூவைக் கொழுப்பில் இளஞ்சூட்டில் போட்டுக் களிம்பு எடுத்தாள். தடவினால் விரல் மடங்குகிறது என்றாள். டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடையிலும் களிம்பு கிடைக்கிறது. எலுமிச்சை வாசனை போட்டதைப் பூசிக்கொண்டு நான் என்ன கேக்கா என்று கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதல் வருஷம் செடி பூத்த நேரத்தில் கடல்மூடுபனி பத்து நாள் நகராமல் நின்று, பூவெல்லாம் பூசணம் பிடித்தது. அந்தக் குளிர்காலம் களிம்பு இல்லை. லியோந்தினுக்கு ஒரு நீலக் கம்பளிக் கோட்டு உண்டு, ஆறு பெரிய பட்டன் வைத்தது. ஜிப் வைத்த கோட்டு வாங்கலாம் என்று ஒனேசிம் ஒரு தடவை வாய்தவறிச் சொன்னார். ஜிப் வைத்துத் திரிவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று பதில் வந்தது. ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது, வாசல் அறையில் நின்று அவர்தான் கீழிருந்து மேலாக ஆறு பட்டனும் போட்டுவிட்டார். அவள் மோவாயைத் தூக்கி, அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் சொன்னாள். "செத்தவளுக்கு உடுத்திவிடற மாதிரி இருக்கு, கெழவா. இன்னொரு குளிர்காலம் இப்படின்னா நான் வீட்ட விட்டு வெளிய வரமாட்டேன்."

ஒனேசிம் அடுத்த பட்டனைப் போட்டார். சொல்ல முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். சீசனில் விடிவதற்கு வெகு முன்னரே படகுக்குப் போய், திரும்பி வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதர். பட்டப்பகலில், சும்மா, இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து நின்றது அந்தக் குளிர்காலம்தான். சோப்பு வாசனை வரும். ஐந்தாவது பட்டனுக்கு வரும்போது அவள் மூச்சு அவர் கைமேல் படும்.

அடுத்த வருஷம் செடி நன்றாக வந்தது, களிம்பும் வந்தது. லியோந்தின் குளிர்காலம் பூராவும் தானே பட்டன் போட்டுக்கொண்டு, படியிறங்கும்போது ஒரு மிடுக்கோடு இறங்கினாள். ஒனேசிம் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சந்தோஷம்தான், ஆனால் வாசல் அறையில் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மூன்றாம் வருஷம் ஏப்ரல் முடிவில் களிம்பு ஜாடியில் ஒரு விரல்கடைதான் பாக்கி. லியோந்தின் அதை ஜன்னலோரத்தில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

மே பிறந்ததும், மற்றவர்கள் படகில் போக, ஒனேசிம் மண்வாரியை எடுத்தார். நவம்பரில் குளிர்காற்றைத் தடுக்க வீட்டு அடிச்சுவரைச் சுற்றி அணைத்து வைத்த கடல்புல்லைப் பிரித்தார். ஆறு மாத மழையும் பனியும் அதிலிருந்த உப்பைக் கழுவியிருந்தன. இருந்தாலும் ஒரு நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலவையில் சேர்த்தார். சதுப்பில் வெட்டிய கறுப்பு மக்குமண் ஒரு பங்கு, பழைய தோட்டத்து மண் ஒரு பங்கு. மக்குமண் புளிப்பு மண். அதைத் தணிக்க ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட சிங்கியின் ஓடுகளைக் காயவைத்து, கோடாலியின் பின்பக்கத்தால் பொடித்துப் போட்டார். ஓட்டில் துளி சதை ஒட்டியிருந்தாலும் நரி வந்து எல்லாவற்றையும் தோண்டிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பல் தேய்க்கிற மாதிரி பிரஷ் வைத்துத் தேய்த்தார். க்ளோவிஸ் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த மண்ணைத் தரையில் கொட்டினால் ஜூன் வரை சூடேறாது. ஹெர்ரிங் மீன் உப்புப் போடுகிற பழைய பீப்பாயின் அடிப்பலகையைத் தட்டி எடுத்துவிட்டு, சூடு பிடிக்க வெளியே தார் பூசி, சுவரோரம் வெயிலில் நிறுத்தினார். பாதி உயரத்துக்கு மண். மேலே, கழற்றிய ஜன்னல் கண்ணாடி ஒன்று. தினமும் காலை கண்ணாடியை நகர்த்தி, மணிக்கட்டை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். கடல் தண்ணீரில் கைவிட்டே இன்று சிங்கி நகருமா நகராதா என்று சொன்ன மணிக்கட்டு அது. மே இருபதாம் தேதி வாக்கில் நகரும் என்றது, மண் சூடேறிவிட்டது.

விதையை ஈரத்துணியில் மடித்து முளைகட்டியது லியோந்தின். ஆறு விதை. இரண்டு எப்படியும் சோடை போகும் என்று கணக்கு. ஒன்றுகூடப் போகவில்லை. எட்டாம் நாள் ஆறும் தலை தூக்கி நின்றன. லியோந்தின் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

இன்னும் பத்து நாள் போயிற்று. அன்று பாட்டுக்குழு ஒத்திகைக்குக் கிளம்பும்போது படியில் நின்று சொன்னாள். "ஆறு கூடாது. நாலு விட்டுட்டு ரெண்ட எடுத்துடு. என் விரலுக்கு அது புடிபடாது."

ஒனேசிம் கொட்டகைக்குள் போனார். ஆணியில் தொங்கிய பித்தளை அளவுத் தகட்டை எடுத்தார். சிங்கியின் முதுகில் வைத்து அளக்கிற தகடு. பீப்பாய்ப் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு நாற்றின் பக்கத்திலும் அதை நிறுத்திப் பார்த்தார். இரண்டு நாற்றுகள் தகட்டைத் தாண்டி, தண்டு தடித்து, மூன்றாம் அடுக்கு இலை விட்டிருந்தன. நாலு குள்ளம். இரண்டு பெரிசு, நாலு சின்னது. கணக்கு இவ்வளவு கச்சிதமாக வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. பெரியவை இரண்டையும் கழுத்தில் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கி எடுத்து வாளியில் போட்டார். சின்னவற்றைச் சுற்றி மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு போய் டீ போட்டார்.

லியோந்தின் திரும்பி வந்து பீப்பாயைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கவிழ்த்து வைத்த பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"பெருச எடுத்துட்ட."

"அளந்துதான் எடுத்தேன். சின்னது நாலும் அப்படியே இருக்கு."

"கெழவா, இது சிங்கி இல்ல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெரிசை எடு, சின்னதை வளர விடு என்பது சிங்கிக்கு; நாற்றுக்கு நேர்மாறு. நாற்பத்திரண்டு வருஷம் கை செய்த வேலையைக் கை செய்துவிட்டது, தலையைக் கேட்கவில்லை. வாளிக்குள் இருந்த இரண்டும் கழுத்து ஒடிந்து வாடிக் கிடந்தன. புதிதாக விதை போட நாளும் இல்லை.

"நமக்குக் கோடையே நூறு நாளு," என்றாள் லியோந்தின். குரல் உயரவில்லை. "இந்த நாலும் கால் ஊனறதுக்குள்ள செப்டம்பர் வந்துரும். அப்புறம் குளிர்காலம் பூரா நீயே பட்டன் போட்டுவிடு. அதுக்குத்தான் ஆசப்பட்டியா?"

குத்தலுக்குத்தான் கேட்டாள். ஆனால் ஒனேசிமுக்குக் காதிலிருந்து கழுத்துவரை சிவந்துபோயிற்று. அவள் அதைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் க்ளோவிஸ் வந்து பீப்பாயை எட்டிப் பார்த்தார். "அளவு கொறஞ்சது நாலு வெச்சிருக்க. இத்தன வருஷம் கழிச்சுப் புடிச்சேம்பா உன்ன," என்றார். வேறொரு நாளாக இருந்தால் ஒனேசிம் சிரித்திருப்பார். கை மறந்துபோய்ச் செய்ததா, மனசுக்குள் எங்கோ ஒரு மூலை சொல்லிச் செய்ததா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நேர்மையாக இருந்தே பழகிய மனிதருக்கு இது பெரிய தண்டனை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கோட்டுக்குள் நின்ற அந்த ஞாயிறுகளை இன்னொரு முறை அவர் கேட்டாரா என்ன? கேட்கவில்லை என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

அதனால் வேலை செய்தார். கடற்கரையிலிருந்து கறுப்புக் கற்களாகப் பொறுக்கி வந்து பீப்பாய்க்குள் ஓரமாக அடுக்கினார். பகல் வெயிலைக் குடித்துவிட்டு அவை மாலையில் மெல்லத் திருப்பிக் கொடுத்தன. தண்ணீரைக் கொட்டகை ஜன்னலில் வைத்து இளஞ்சூடாக்கி ஊற்றினார். காற்றில் தண்டு பலப்படட்டும் என்று மதியம் இரண்டு மணி நேரம் கண்ணாடியை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குள்ளம் நாலும் மூன்றாம் அடுக்கு விட்டன, பிறகு நாலாம் அடுக்கும். சாப்பாட்டு மேசையில் லியோந்தின் கோழிக் குழம்பை அவர் தட்டில் ஊற்றுவாள், பேச்சு உப்பு, ரொட்டி என்ற அளவோடு நிற்கும்.

எங்கள் கரையில் ஜூன் பௌர்ணமி தாண்டாமல் யாரும் நாற்றைத் தரையில் வைக்கமாட்டார்கள். கடைசி உறைபனி அன்றைக்கு வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வருஷம் வானொலியும் அதையே சொன்னது. வெயில் இறங்குவதற்கு முன்பே வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஒனேசிம் ஒரு மெத்தைப் போர்வையைப் பீப்பாய்மேல் போட்டார். காற்று தூக்கியது. கயிறு கட்டினார், நழுவியது. கல் வைத்தார், கண்ணாடி விரிசல் விடப் பார்த்தது. மூன்றாம் தடவை போர்வை வேலியில் போய் மாட்டியபோது, லியோந்தின் நீலக் கோட்டுக்குள் கையை மடக்கிக்கொண்டு பின்னால் வந்து நிற்பதைப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் பீப்பாயைப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றினாள்.

"இத மாட்டு. அதுவும் நானும் ஒரே சுத்தளவுதான்."

உண்மைதான். கோட்டு பீப்பாயைச் சுற்றி அளவெடுத்துத் தைத்தது போல் வந்து சேர்ந்தது. அவள் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் மண்டியிட்டுக் கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவதில் இருக்கும்போது அவள் கேட்டாள்.

"ஒனக்கு அது புடிச்சிருந்துச்சு, இல்ல?"

"ம்."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்ப."

காற்று அவள் முடியை முகத்தில் அடித்தது. "கை போச்சேன்னு வெக்கமா இருந்துச்சு," என்றாள். "ஒன்னால இல்ல, கெழவா. ஒரு நாளும் ஒன்னால இல்ல."

அவர் நாலாவது, ஐந்தாவது போட்டார். ஆறாவதைக் கண்ணாடிக்கு மேலே காலரைச் சேர்த்துப் போட்டார். அவள் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள்மேல் போட்டார். இருவரும் உள்ளே போனார்கள்.

காலையில் புல்வெளி உப்புக் கொட்டியது போல் வெள்ளையாக இருந்தது. க்ளோவிஸின் தக்காளி நாற்றுகள் கருகிப்போயிருந்தன. அவர் பௌர்ணமிக்கு முந்தியே நட்டவர், சட்டம் பேசுகிறவர்களுக்கு அப்படி ஒரு அவசரம். ஒனேசிம் கோட்டின் தோளில் படிந்திருந்த பனியைத் தட்டிவிட்டு, மேலிருந்து கீழாகப் பட்டனைக் கழற்றினார். கண்ணாடியை நகர்த்தினார். நாலும் நின்றன. இலை நுனியில்கூட ஒரு கருகல் இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பி நாலு விரலைக் காட்டினார். ஜன்னலுக்குள் லியோந்தின் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம் மூடுபனி தயவு செய்தது. குள்ளச் செடிகள் கடைசிவரை குள்ளமாகவே இருந்தன, வேலிக்கு மேலே ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் செப்டம்பர் கடைசிக்குள் பூத்து முடித்தன. ஜாடி நிரம்பவில்லை, முக்கால் வந்தது. ஒரு குளிர்காலத்துக்கு அது போதும்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, வீட்டைச் சுற்றிப் புதுக் கடல்புல் அணைத்தாகிவிட்டது. ஒனேசிம் காரைக் கிளப்ப சாவியோடு வாசல் அறைக்கு வந்தார். லியோந்தின் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை துவைத்தும் அதிலிருந்து மீனும் தாரும் மணத்தன. கீழிருந்து ஐந்து பட்டன் தானே போட்டாள், ஒன்றன்பின் ஒன்றாக, சுத்தமாக. ஆறாவதைப் போடாமல் அவருக்கு நேரே வந்து நின்று மோவாயைத் தூக்கினாள்.

"கை வலிக்குதா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல," என்றாள். இந்தத் தடவை அவள் சுவரைப் பார்க்கவில்லை.

ஒனேசிம் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பட்டனைப் பிடித்தார். அன்று பூசைக்கு அவர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் போனார்கள்.