நாற்பத்தாறு படிக்கு மேல் ஒரு பலகை

அம்மாவின் காரியம் முடிந்து வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பிரத்யுஷா சொன்னாள்: "இனி நாமளும் எல்லாரு மாதிரி க்யூவுல நிக்கோணும்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் ஒருத்தி.

பிரத்யுஷா என் சித்தி மகள். அவள் சொன்னது உண்மை. என் அம்மா ராமாமணியைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசிய வார்த்தைகளில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை. மற்றவர்கள் தங்கமான மனுசி என்றார்கள். அம்மா தங்கமான மனுசி இல்லை. அதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

சூலூரில் பிறந்தவள். இரண்டு வயதில் போலியோ. இடது காலில் தொடையிலிருந்து செருப்பு வரை இரும்பும் தோலுமாக ஒரு கேலிப்பர். எடை ஒன்று புள்ளி எட்டு கிலோ. கோவையில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தாள். சன்னலில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவள் ஆட்சி நடந்தது.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. எங்களவர்கள் சன்னலில் குனிந்து தெலுங்கில் மெதுவாக, "அக்கா, நம்மவங்க" என்பார்கள். அம்மா தமிழில் சத்தமாகப் பதில் சொல்வாள்: "நம்மவங்களாங்க? ரொம்ப சந்தோசமுங்க. பின்னால போய் நில்லுங்க."

ஒருமுறை பிரத்யுஷாவின் அப்பா, அதாவது என் சித்தப்பா, சிறுநீரகக் கல் வலியோடு வந்தார். உயிருக்கு ஆபத்தா என்று மட்டும் கேட்டுவிட்டு அவரை நாற்பத்திரண்டு பேருக்குப் பின்னால் நிறுத்தினாள். ஆறு வருடம் அவர் எங்களோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு மே மாதமும் தீம் பார்க்குக்கு அன்பாக அழைத்துப்போனார்கள்.

பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை போகிற சாலையில், தென்னந்தோப்பை வெட்டிக் கட்டிய பார்க் அது. வாசலில் மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினால் மணிக்கட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டேக் கட்டுவார்கள். டேக் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். கூடவே துணைக்கு நான்கு பேர் போகலாம். துணைக்கு நான்கு பேர் எதற்கு என்று பார்க் யோசித்ததோ இல்லையோ, பிரத்யுஷா யோசித்தாள். அவள், அவள் கணவன் ஆதர்ஷ், மகள் பூஜிதா, நான். கணக்குச் சரி.

"பெரியம்மா வந்தா ஜாலி. க்யூவே இல்ல" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுதினாள். கீழே பதினொரு இதயங்கள்.

முதல் வருடம். ரோலர் கோஸ்டரின் முன்னால் முக்கால் மணி நேர வரிசை. பக்கத்தில் ஆரஞ்சு வழி காலி. அம்மா ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒரு ஆள் எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "கால் முடியாதவங்க எல்லாம் எதுக்குங்க இங்க? ஊட்டுல இருக்கலாமல்லங்க?"

அம்மா நின்றாள். "ஏனுங்க, எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"முக்கா மணி நேரமாச்சுங்க."

"நான் அறுபது வருசமா நிக்கறனுங்க. ஒரே காலுல."

அவர் விலகி வழிவிட்டார். விலக வேண்டிய அவசியமே இல்லை, வழி வேறு. ஆனாலும் விலகினார்.

அந்த வழியின் முடிவில் நாற்பத்தாறு படி. சலுகை வரிசைக்குத்தான், படிக்கு இல்லை. கேலிப்பரைப் பூட்டி ஒவ்வொரு படியாக அம்மா ஏறினாள். பதினெட்டு நிமிடம். மேலே, கடைசிப் படி முடிகிற இடத்தில், ஒரு பலகை: இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் இதில் ஏற அனுமதி இல்லை.

இதைக் கீழே வைக்கலாமே என்று நான் கேட்டேன். பெல்ட் மாட்டிவிடும் பையன் மிகப் பணிவாக, "மேலதாங்க இடம் இருந்துச்சு" என்றான். அம்மாவிடம், "சாரிங்க ஆன்ட்டி, உங்க சேப்டிக்குத்தானுங்க. நீங்க இப்படி உக்காருங்க. கூட வந்தவங்க ஏறுங்க" என்றான். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

நாங்கள் ஏறினோம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து நான்கு கைப்பேசி, ஒரு மூக்குக்கண்ணாடி, பிரத்யுஷாவின் தோள்பை, பூஜிதாவின் தொப்பி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏழு விளையாட்டில் ஏழு பெஞ்ச். நான் ஏழிலும் ஏறினேன். மறைத்துப் பயனில்லை.

திரும்பும் வழியில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்றாள் பிரத்யுஷா. அநியாயம் செய்தவர்கள் மேல் முறையிட அங்கே மிளகாய் அரைப்பார்கள்.

"போலாம் அம்மணி. எனக்கு ரெண்டு கிலோ வேணும்" என்றாள் அம்மா.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேலிப்பரைக் கழற்றும்போது கேட்டாள்: "அதுல ஏறுறதுக்குக் கால் எதுக்கு?"

நான் ஆலைகளுக்குப் பாதுகாப்புத் தடை அமைப்புகள் செய்கிறவள். கதவு மூடாமல் இயந்திரம் ஓடக் கூடாது என்பது என் பிழைப்பு. அந்த வண்டியில் ஆளைப் பிடித்துவைப்பது தொடைமேல் இறங்குகிற கம்பி. அதைத் தாண்டி இரண்டு கை. கால்களுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. எல்லோரும் உட்கார்ந்துதான் போகிறார்கள். இதைச் சொன்னேன்.

"அப்ப நான் ஏறோணும்" என்றாள்.

"ஏம்மா?"

"எல்லாரும் கத்தறாங்கல்ல. முப்பத்தொரு வருசம் அந்த ஓட்டையிலயே பேசிப்போட்டேன். ஒரு தடவ கத்திப் பாக்கோணும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது.

இரண்டாம் வருடம் பார்க்கின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டாள். மருத்துவர் சான்றிதழ் இருந்தால் பரிசீலிப்போம் என்றார்கள். அன்றைக்கும் படி ஏறினாள். அன்றைக்கும் பெஞ்ச். நான் அந்த வருடமும் ஏறினேன்.

மூன்றாம் வருடம், போன மே. அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் அமீர் ஹம்சாவிடம் போனோம்.

"பிட்னஸ் எதுக்குங்க அம்மா? போலீசுல சேரப்போறீங்களா?"

"ரோலர் கோஸ்டருக்குங்க டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்து, "யப்பா" என்று கையை உதறிக்கொண்டார். உட்காரவும் பிடிக்கவும் முழுத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். "எனக்கே அதுல தலை சுத்துமுங்க."

"அப்ப நீங்க கீழயே நின்னுக்கங்க" என்றாள் அம்மா.

மறுபடி நாற்பத்தாறு படி. இந்தமுறை இருபத்தாறு நிமிடம். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்தேன்.

மேலே அதே பணிவு. சான்றிதழை நீட்டினோம். பையன் வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். சட்டைப் பையில் சுந்தரராஜுலு என்று பெயர் குத்தியிருந்தவர் வந்தார். மடித்த காகிதத்தைக் கையில் வாங்கினார். பிரிக்கவில்லை.

"ரூல்ஸ்ங்க மேடம். எங்க கையில ஒண்ணுமில்லீங்க."

அம்மா என் பக்கம் திரும்பித் தெலுங்கில், "இவருக்குப் படிக்க வராது போல" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. திட்டியதற்கு அல்ல, திட்டிய மொழிக்கு. "மீரு மனவாள்ளா?" என்றார். நீங்கள் நம்மவர்களா என்று அர்த்தம்.

அதன்பிறகு நடந்தது எங்களவர்கள் எங்கே சந்தித்தாலும் நடப்பது. குடும்பப் பெயர் என்ன, எந்த ஊர், யார் வீட்டில் பெண் எடுத்தது. அந்தியூரில் எங்கள் ராமுலு மாமாவின் மச்சினர் வீட்டில் வந்து இரண்டு பக்கத்து உறவும் முட்டி நின்றது. பின்னால் முழு வரிசையும் முனகியது. வண்டி காலியாகக் காத்திருந்தது. எல்லாம் நான்கு நிமிடம்.

"அப்ப நீங்க எனக்கு அக்கா முறையாகோணும்! முன்னயே சொல்லப்படாதுங்களா?" என்றார் சுந்தரராஜுலு. பையனிடம் திரும்பினார். "அக்காவை ஏத்துப்பா."

சான்றிதழ் இன்னும் பிரிக்காமல் அவர் கையில் இருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். சன்னலில் முப்பத்தொரு வருடம் சொன்னதை இப்போது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப சந்தோசமுங்க, சொந்தத்துக்காக வேண்டாமுங்க, அந்தக் காகிதத்தைப் படிச்சுட்டு ஏத்துங்க என்பாள். வாயைத் திறந்தாள். வண்டியின் முதல் இருக்கையைப் பார்த்தாள்.

"கேலிப்பரை எங்க கழட்டறது?" என்றாள்.

நான் கேலிப்பரை வாங்கிக்கொண்டேன். பிரத்யுஷா, "பெரியம்மா, நானும் பக்கத்துல" என்று ஓடிவந்தாள்.

"நீ பையப் புடி" என்றாள் அம்மா.

கம்பி தொடைமேல் இறங்கியது. நானே இழுத்துப் பார்த்தேன், சரியாகப் பூட்டியிருந்தது. பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் முதல் முறையாக. அங்கிருந்து வண்டி முழுதும் தெரியாது; ஏறும் இடத்தில் ஒரு துண்டும் கவிழும் இடத்தில் ஒரு துண்டும்தான் தெரியும். இரண்டு வருடம் அவள் பார்த்தது இவ்வளவுதான்.

ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அம்மா கத்தினாள். தெலுங்கில், கெட்ட வார்த்தை. ஒன்றல்ல. வரிசையில் யாருக்கும் புரியவில்லை. சுந்தரராஜுலுவுக்குப் புரிந்தது. பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இறங்கும்போது தலைமுடி முழுதும் கலைந்திருந்தது. "எப்படி பாட்டி?" என்றாள் பூஜிதா. "பரவால்ல கண்ணு" என்றாள். முகம் பரவாயில்லை என்கிற முகம் இல்லை.

காரில் திரும்பினோம். கிணத்துக்கடவு வந்தபோது அம்மா சொன்னாள்: "உங்க சித்தப்பா கல்லு வலியோட நாப்பத்திரண்டு பேருக்குப் பின்னால நின்னாரு."

"அதுக்கென்னம்மா இப்ப?"

"ஒண்ணுமில்ல. நான் நாலு நிமிசத்துல போயிட்டேன்."

பின்னாலிருந்து பிரத்யுஷா, "அப்பா இருந்திருந்தா இன்னைக்குச் சிரிச்சிருப்பாரு பெரியம்மா" என்றாள்.

"சிரிக்க மாட்டாரு. மறுபடி ஆறு வருசம் பேச மாட்டாரு. பேசப்படாது."

மறுநாள் காலையில் பார்க்குக்குக் கடிதம் எழுதினாள். தட்டச்சு செய்து தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். சுந்தரராஜுலுவின் பெயர் அதில் இல்லை. 'மருத்துவர் சான்றிதழை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. உங்கள் ஊழியர் ஒருவருக்கு உறவு என்பதால் என்னை ஏற்றினீர்கள். நானும் ஏறினேன். அது என் தவறு. என்னோடு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த கருப்பாத்தாளின் மகள் கயல்விழிக்கு விபத்தில் ஒரு கால் போய்விட்டது. அவளுக்கு உங்கள் பார்க்கில் உறவினர் யாரும் கிடைக்க மாட்டார்கள். அவள் எப்படி ஏறுவாள்? பலகையையாவது படிக்குக் கீழே வையுங்கள்.'

அடுத்த மாதம் நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். போலியோ சிறுவயதில் காலை எடுத்ததோடு நிற்கவில்லை, மூச்சுத் தசைகளையும் மெல்ல எடுத்துக்கொண்டிருந்தது என்றார்கள். படியில் பார்த்தது அது. அளவீடுகளோடு பிழைப்பு நடத்துகிற எனக்குப் பதினெட்டு நிமிடம் இருபத்தாறு ஆனது உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் பார்க்கிலிருந்து பதில் வந்தது. வீட்டிலிருந்து எடுத்துப்போய் மதியம் படித்துக் காட்டினேன். தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி. பலகை படிக்குக் கீழே மாற்றப்பட்டுவிட்டது. இனி யாரும் நாற்பத்தாறு படி ஏறி ஏமாற வேண்டாம், கீழேயே ஏமாறலாம். இது நான் சொன்னது. கடிதம் மேலும் சொன்னது: உறவின் அடிப்படையில் பாரபட்சம் நேராதிருக்க, சிறப்பு அனுமதி கோருவோர் இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

படிவத்தில் பதினொரு கட்டம். ஏழாவது கட்டம்: எங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் உறவினரின் பெயர், உறவுமுறை.

அம்மா ஆக்சிஜன் முகமூடியை ஒரு பக்கம் தூக்கினாள். "மறுபடி படி."

படித்தேன்.

"பேனா குடு. கயல்விழி பேருல எழுது."

"ஏழாவதுல என்ன எழுதறது? அவளுக்குத்தான் யாருமில்லையே."

"சுந்தரராஜுலுன்னு எழுது."

"முறை?"

அம்மா யோசித்தாள். "நான் அவருக்கு அக்கா. கயல்விழி எனக்கு மக மாதிரி. அக்கா மகள்னா..." அங்கேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முறைப்பொண்ணு. முறைப்பொண்ணுன்னு எழுது அம்மணி. அந்த ஆளு மூஞ்சியப் பாக்கோணும்! குடும்பப் பேரு கேப்பாரல்ல... கருப்பாத்தா ஊட்டுப் பேரச் சொல்லோணும்..."

மேலே சொல்ல முடியவில்லை. தோள் குலுங்கியது. முகமூடிக்குள் வெள்ளையாக ஆவி படர்ந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

செவிலியர் யுஸ்ரா ஓடிவந்தாள். "அம்மா, சிரிக்காதீங்கம்மா, ஆக்சிஜன் இறங்குதுங்க. அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

திரையில் தொண்ணூற்றொன்று என்றிருந்தது எண்பத்தெட்டாகி இருந்தது. ஏழாவது கட்டத்தில் அம்மா சொன்னதை அப்படியே எழுதி அவளிடம் காட்டினேன். எண்பத்தேழு ஆனது.