பொட்டு வைத்த சேணம்

சிங்கப்பூரில் நான் ஏறி அடக்காத குதிரை கிடையாது.

இது பொய். குதிரை மேல் நான் ஒரே ஒரு தடவைதான் ஏறினேன். ஏறின வேகத்திலேயே அது என்னை இறக்கிவிட்டு, முழங்காலில் ஒரு உதையும் கொடுத்தது. அன்றிலிருந்து இடது கால் என் பேச்சைக் கேட்பதில்லை. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு துரையின் லாயத்தில் நான் பார்த்த வேலை சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, சேணத்துக்கு எண்ணெய் போடுவது. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. தேக்கா வட்டாரக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்து எழுத்துக்கூட்டிக் கற்றவன். என் தமிழில் மளிகை வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் துரை கப்பலேறினார். குதிரைகளுக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். கொஞ்ச நாள் மார்க்கெட்டில் ஆட்டுக்கறி என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். ஆட்டுக்கு அவ்வளவு பெரிய எலும்பு இருந்து நான் பார்த்ததில்லை.

குண்டில் லாயத்தின் உத்தரம் முறிந்து துரையின் சேணத்தின் மேல் விழுந்து, உள்ளே இருந்த மரச்சட்டம் இரண்டாக உடைந்திருந்தது. அதை இனி எந்தக் குதிரைக்கும் போட முடியாது. போடுவதற்குக் குதிரையும் இல்லை. ஆனாலும் விட்டுவர மனசில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீடு என்றால் ஒரு கடையின் மாடியில் பலகை அடித்துப் பிரித்த ஓர் அறை. நான், பெண்டாட்டி, அவள் தம்பி, மூன்று பேர்.

"குதிரைய விட்டுட்டு இத மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள் பெண்டாட்டி.

"குதிரை மாடிப்படி ஏற மாட்டேன்னுட்டுது."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சேணத்தை வெளியே போடவும் விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசைக்கு லாயத்தில் பிரஷ், வாளி, கடிவாளம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, நடுவில் இந்தச் சேணத்தை வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இப்போது லாயம் இல்லை, வேலை இல்லை. சப்பான்காரன் காலத்து முதல் ஆயுத பூசைக்குப் பெண்டாட்டி சேணத்தைத் துடைத்து மூலையில் வைத்தாள். உட்காரும் இடத்தில் ஒரு பொட்டு, இரண்டு பக்கத்து மடல்களில் ஒவ்வொரு பொட்டு. பொரிகடலைக்குப் பதில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. "தொழில் திரும்பி வரணும்," என்று கும்பிட்டாள்.

அப்போது எனக்கு இருந்த ஒரே தொழில் குனிவது. தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்கிற சப்பான்காரனுக்குக் குனிய வேண்டும். சரியாகக் குனியாவிட்டால் அறை விழும். குனிந்து குனிந்து அந்தச் சேணம் எனக்கே பொருந்துகிற மாதிரி ஆகிவிட்டது முதுகு.

அப்புறம் ஒருநாள் சப்பான்காரனுக்கு ஆள் பிடிக்கிறவன் வந்தான். நம் ஆள்தான், தமிழன்தான். சயாம் நாட்டில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதம்தான், வயிறாரச் சோறு, வீட்டுக்கு ஒரு ஆண் வந்தாக வேண்டும் என்றான். நான் நொண்டிக்கொண்டு முன்னால் வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு மச்சினனைக் கைகாட்டினான். "இந்தாளு வேணாம். அந்தத் தம்பி வரட்டும்."

குதிரை எனக்குக் கொடுத்த ஒரே சம்பள உயர்வு அந்த உதைதான் என்று புரிந்தது. மச்சினனுக்கு அது கிடைக்கவில்லை.

மச்சினன் தேக்காவில் ஒரு தையல் கடையில் மிஷின் மிதிக்கிறவன். பச்சைப்பிள்ளைக்கு இருப்பது போலப் பாதம். அவனுடைய கான்வாஸ் சப்பாத்து முந்தின வருஷமே வாய் பிளந்துவிட்டது. மிச்சம் இருந்தது குளிக்கப் போகும்போது போடுகிற மரக்கட்டைச் செருப்பு. சயாம் போகிற பாதையெல்லாம் சாய்த்து வெட்டிய மூங்கில் கட்டை என்றும், காலில் குத்தினால் புண் ஆறுவதில்லை, அழுகத்தான் செய்யும் என்றும் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பெண்டாட்டி காதில் அது விழுந்தது.

"எங்கேர்ந்தாவது ஒரு செருப்பு கொண்டாங்க," என்றாள். "வெறுங்காலோட என் தம்பிய அனுப்ப மாட்டேன்."

ரப்பர் விளைகிற நாட்டில் செருப்புத் தைக்க ஒரு டயர் துண்டு கிடைக்கவில்லை. எல்லாம் பட்டாளத்துக்கு. இரண்டு நாள் அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் எதிரே மூலையில் சேணம் இருந்தது. நல்ல தோல். இத்தனை வருஷம் நானே எண்ணெய் போட்டு வளர்த்த தோல். தூக்கிக்கொண்டு கீழே கடை வாசல் அஞ்சடிப் பாதையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற அண்ணனிடம் போனேன். மச்சினனும் பெண்டாட்டியும் பின்னாலேயே வந்தார்கள்.

அண்ணன் மடலை வளைத்துப் பார்த்தார். "அடேயப்பா. இதுல தைச்சா சயாம் போயிட்டு வந்து பேரனுக்குக் கொடுக்கலாம்லா."

கத்தியை வைக்கப் போனார். பெண்டாட்டி கையை நீட்டித் தடுத்தாள்.

"அதுல பொட்டு இருக்கு."

இருந்தது. தையல் ஓரத்தில் குங்குமம் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொடச்சா போயிரும்," என்றேன்.

"சாமியா வச்சுக் கும்பிட்டத வெட்டிக் கால்ல போட்டுக்கிட்டுப் போவானா? போற எடத்துல அவன் வெளங்குவானா?"

"நீதானே செருப்பு கேட்ட?"

"செருப்பு கேட்டேன். சாமியக் கேட்டேனா?"

தம்பி நல்லபடியாகத் திரும்பவேண்டும் என்றுதான் செருப்பு கேட்டாள். அதே காரணத்துக்காகத்தான் இப்போது வேண்டாம் என்கிறாள். இதில் நான் யாரைத் திட்டுவது?

மச்சினன்தான் சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்தான். "அக்கா, அடிப்பக்கம் பொட்டு வைக்கலயே. இதுல வெட்டலாமா?"

குதிரை முதுகில் படுகிற பக்கம் அது. மெல்லிய தோல். வருஷக்கணக்காக வேர்வை குடித்து உப்புப் பூத்திருந்தது. அண்ணன் நகத்தால் கீறினார், பொடியாக உதிர்ந்தது.

"இது எவ்வளவு நாள் தாங்கும்ணே?" என்று மச்சினன் கேட்டான்.

"ரயில் கோச்சு ஏறுற வரைக்கும் தாங்கும்," என்றார் அண்ணன்.

பெண்டாட்டி யோசித்தாள். அடிப்பக்கம் என்றால் சரி என்று தலையாட்டினாள்.

வாயைத் திறந்தால் எனக்குக் கிண்டல்தான் வரும். அந்தத் தெருவில் என்னைப் பார்த்தாலே சிரிப்பதற்குத் தயாராகிவிடுவார்கள். அன்றைக்கு நான் கிண்டல் பண்ணவில்லை.

"வேணாம். மடலையே வெட்டுங்க," என்றேன். "சாமி வந்து கேட்டா என்னக் கைகாட்டுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பெண்டாட்டிகூட, அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "மாமா இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை," என்று மச்சினன் என் தோளில் தட்டினான். அண்ணன் சேணத்தின் அடிப்பக்கத்தில் கத்தியை வைத்தார்.

புறப்படுகிற அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து காட்டினான். "குதிர மாதிரி இருக்கா மாமா?" என்றான். லாரியில் ஏறும்போது ஒரு வார் பிய்ந்துவிட்டது. பையில் இருந்த சணலை எடுத்துக் கட்டிக்கொடுத்தேன். குனிந்து கட்டினேன். சப்பான்காரனுக்குக் குனிந்ததைவிட அதிகமாகக் குனிந்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் மாதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

சப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, அதே லாரியில் போன ஓர் ஆள் அஞ்சடியில் வந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கரிக்கட்டை மாதிரி இருந்தது கால். மச்சினனைத் தெரியும் என்றார். கோச்சை விட்டு இறங்கினதும் காட்டில் நாள்கணக்காக நடக்கவிட்டார்களாம். முதல் நாளே செருப்பு கிழிந்துவிட்டது. மூங்கில் குத்தி, புண் அழுகி, காய்ச்சல் வந்து, ஒரு மழை நாளில் போய்விட்டான் என்றார். பெண்டாட்டியிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். காய்ச்சலும் இருந்தது, அதனால் முழுப் பொய் இல்லை. மூங்கிலைச் சொன்னால் அவள் சேணத்தைப் பார்ப்பாள். சேணத்தைப் பார்த்தால் மடலைப் பார்ப்பாள்.

துரை வரவில்லை. வேறு துரைகள் வந்தார்கள், காரில் வந்தார்கள். சேணம் மட்டும் எங்களோடேயே இருக்கிறது. உட்காரவும் முடியாது, விற்கவும் முடியாது. தூக்கிப் போட்டால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று என்னால் சொல்ல முடியாது. நாளைக்கு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறோம். அதையும் கொண்டுபோக வேண்டும் என்கிறாள்.

இன்று காலையில் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது கத்தியை எடுத்து உட்கார்ந்தேன். துண்டு துண்டாக வெட்டி, மற்ற குப்பையோடு குப்பையாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மடலைப் பிடித்து இழுத்து அறுத்தேன். கத்தி வழுக்கியது. திரும்பத் தீட்டிக்கொண்டு வந்து அறுத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தோலில் ஒரு கீறல்தான் விழுந்தது. ஒரு காட்டையே நடந்து கடந்திருக்கலாம், அவ்வளவு கெட்டி. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு

"ஏங்க, கட்டிலக் கழட்டணும், ஆளு வந்து நிக்கிறாரு. அங்க என்ன எழுதிக்கிட்டு இருக்கீங்க? வாங்க."

இதோ, வருகிறேன்.