ஏகமனதாக என்று எழுதாத தீர்மானம்

மூன்றாவது வார்டு உறுப்பினர் அக்காவை நினைத்தாலே, கிராம சபைக் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்து நின்றதுதான் முதலில் கண்ணில் வருகிறது. கை நடுங்கி மைக் தாலிச் சங்கிலியில் பட்டுப் பட்டு, ஒலிபெருக்கியில் கிணுகிணுவென்று கேட்டது. சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் அவருடைய பயம் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போது இலுப்பூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சிக்குச் செயலர். அக்கா தையல் வேலை செய்பவர், கணவர் சிங்கப்பூரில். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட, பாதி தைத்த ஜாக்கெட்டைத் தோளில் போட்டபடியே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். சத்தம் போட்டுப் பேச வராது. கேட்டதையே மெல்லிய குரலில் திரும்பத் திரும்பக் கேட்பார். எனக்கு அது சில நாள் எரிச்சலாகக்கூட இருந்ததுண்டு.

ஊருக்கு மேற்கே இருந்த புஞ்சை நிலத்தை வெளியூர்க்காரர்கள் மொத்தமாக வாங்கி மனை போட இருந்தார்கள். விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்ற ஊராட்சியின் தீர்மானம் வேண்டும். அதற்காக வந்த வரைபடத்தை அக்கா என் மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். "ஏன் தம்பி, இங்கிட்டு வாரி போகுமே, அதக் காணோமே?" என்றார். மழைத்தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் அந்த வாரி இருந்த இடத்தில் அகலமாக ஒரு சாலை வரையப்பட்டிருந்தது. முதல் நாளே நான் அதைப் பார்த்திருந்தேன். "மேல இருந்து வந்த பிளான்க்கா" என்று சொல்லித் தாளைச் சுருட்டிவிட்டேன்.

அக்கா விடவில்லை. வீடு வீடாகப் போய், வாரியை மூடினால் கண்மாய்க்குத் தண்ணீர் ஏது என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒருவர் அவர் வீட்டுக்கு வந்து ஒரு துணிப்பொட்டலத்தைத் தையல் மெஷின் மேல் வைத்தார். பிரித்தால் வெள்ளைத் துணி. அளவு கேட்டிருக்கிறார் அக்கா. "தைக்க வேணாங்க. சும்மா வச்சிருங்க, தேவைப்படும்" என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். சாவு வீட்டில்தான் தைக்காத வெள்ளைத் துணி தேவைப்படும்.

கூட்டத்தன்று மக்கள் உள்ளே வரும்போதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டோம். வாசலில் நான்கைந்து பைக்குகள். அவற்றின் மேல் சாய்ந்து நின்றவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மணியைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஏகமனதான்னு எழுதிருங்க செயலர்" என்றார்.

அப்போதுதான் அக்கா எழுந்தார்.

"வந்ததுக்குத்தாங்க கையெழுத்துப் போட்டோம். வாரிய மூடுறதுக்கு ஆரும் போடலைங்க."

"வேற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றார் அதிகாரி.

ஒரு கைகூட உயரவில்லை. தலையாட்டியவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். அக்கா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பையிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார். "இத எங்க வீட்ல வந்து குடுத்துட்டுப் போனாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. அதையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க."

வாசல் பக்கம் பேச்சு நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் பதிவேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என்ன தைரியத்தில் எழுதினேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. 'மூன்றாவது வார்டு உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். தமக்கு மிரட்டல் வந்ததாகவும் கூறினார்.' இரண்டே வரிகள். அதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அந்த வரிகளால் கோப்பு திரும்பி வந்தது. சர்வேயர் வந்து அளந்தார். வாரியை விட்டுவிட்டு வரைபடத்தை மாற்றி வரைந்தார்கள். மனைகள் வந்தன, வாரியும் தப்பியது. எனக்கு ஆவுடையார்கோயில் பக்கம் மாறுதல் வந்தது. அக்கா பல மாதம் வீட்டுக் கதவைப் பகலிலும் தாழிட்டே தைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் நான் எழுதாத ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முதல் நாள் காலை, அலுவலக வாசலில் ஒருவர் என் வண்டியை மறித்து, "பாப்பா மஞ்சள் கவுன்ல அழகா இருக்கு சார், பால்வாடிக்கு நடந்தா போவுது?" என்று கேட்டார். மகள் அன்று மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தாள். மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி மகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவன்போலப் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாக அக்கா போன் செய்தார். பேச்சுவாக்கில், "பாப்பா எத்தனாவது படிக்குது?" என்றார். ஏழாவது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அக்கா. "எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சு, அத்தன பேருக்கு முன்னாடி எவ்வளவு வெக்கப்பட்டு நின்னேன் தெரியுமா?"