தேத்தண்ணி குடிக்க ஒரு ஹீரோ தேவை

காசில்லாத படத்துக்கு ஹீரோ தேடுவது சோளகக் காற்றில் குடை பிடிக்கிற மாதிரி, பிடிக்கிறவனுக்குத்தான் கை வலி. நீங்களும் யாருக்காவது ஆள் பிடித்துக் கொடுத்து அலைந்தவர் என்றால், கடைசியில் உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போதே தரமாட்டேன். நாங்கள் அலைந்த அலைச்சலில் கொஞ்சம் நீங்களும் அலையுங்கள்.

கெமரா சும்மா கிடந்த மாதம்

எங்கள் நானா, கூடப்பிறந்த அண்ணன், கற்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர். நோன்பு மாதத்தில் கலியாணம் இல்லை, கெமரா சும்மா கிடக்கும் என்று முதலாளி அதை இரவல் தந்தார். பெருநாள் முடிந்தால் கெமரா கலியாணங்களுக்குப் போய்விடும், நானா கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுவார். அவர் ஆசைப்பட்ட படத்தை எடுத்தால் இந்த மாதம், இல்லாவிட்டால் இல்லை.

கதையின் முதல் காட்சியில் ஹீரோ காலை வெயிலில் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறான். நானா கெமராவை யோசித்தார், தேத்தண்ணியை யோசிக்கவில்லை. நான் முதலில் பிடித்துக் கொடுத்தவர் மீன்பிடிக்கிற பாசில். தோளைப் பார்த்ததுமே நானாவுக்குப் பிடித்துவிட்டது. வெறுங்கோப்பையை வாயில் வைத்தால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தார். பாசில் கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நடிப்பு எண்டு அல்லாவுக்குத் தெரியும் தம்பி. எங்கட மாமனாருக்குத் தெரியுமா?"

முந்தலில் ஒருவர்

நோன்பில்லாத ஆளாகப் பார்ப்போம் என்று முந்தலுக்குப் போய், இறால் பண்ணையில் வேலை செய்கிற அன்டனைப் பிடித்தேன். தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துக் காட்டினார். நானா என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

பிறகுதான் கலியாண விருந்துக் காட்சியைச் சொன்னார். அன்டன் கத்தோலிக்கர், அவருக்கு அது தபசு காலம், இறைச்சி தொடமாட்டாராம். ஆட்டிறைச்சி இல்லாத கலியாணத்தை எங்கள் ஊரில் எவன் நம்புவான் என்று நானா தலையில் கை வைத்தார். அன்டன் அவரை ஆறுதல்படுத்தினார்: "உங்கட நோன்பு பின்னேரத்தோட முடியும் நானா. என்னோடது ஈஸ்டர் மட்டும் போகும்."

கொழும்புக்காரர்

நானாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. கதவடிக்கு நடப்பார், போனைப் பார்ப்பார், திரும்புவார். எனக்கும் தொண்டை அரித்தது. இமாம் முதல் மீன் ஏலக்காரர் வரை ஊரில் நான் பேசாத குரல் இல்லை. கூட்டாளியின் சிம்மைப் போட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் நானாவுக்குப் போன் எடுத்தேன். கொழும்பு மேடை நடிகர் சப்ரி, உங்கள் கதை காதில் விழுந்தது, சம்பளம் வேண்டாம் என்றேன். நானா போனைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றாராம், உம்மா சொன்னா.

அடுத்த நாள் நுரைச்சோலையிலிருந்து வயர்மேன் அஸ்லம் தானாகவே வந்தார். சீனி வருத்தக்காரர், நோன்பு பிடிப்பதில்லை, அது ஊருக்கே தெரியும். ஆட்டிறைச்சிக்கும் தடையில்லை. நடித்தும் காட்டினார், நானே வாய் பிளந்தேன். நானா, கொழும்பிலிருந்து பெரிய ஆள் வருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார். அஸ்லம் கோபிக்காமல் சைக்கிளைத் திருப்பினார்: "பெரிய ஆளுக்குச் சீனி போட்டா, போடாமலா எண்டு மட்டும் கேட்டு வையுங்க."

மஃரிபுக்குச் சற்று முன்

பெருநாள் நெருங்கிவிட்டது, சப்ரி வரவில்லை. இன்று இளநீர் கேட்பார், நாளை ஃபேன் உள்ள அறை கேட்பார். எல்லாம் நான்தான். நோன்பு திறக்கிற நேரம் பார்த்து, முடிவாக ஒரு நாள் சொல்லுங்கள் என்று நானா சப்ரிக்குப் போன் எடுத்தார். நான் வீட்டுக்குப் பின்னால் கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளத்துக்குள் படுத்திருந்தேன். கொழும்பில் சரியான மழை, பாதையெல்லாம் வெள்ளம் என்று கிணற்றுக் குரலில் அளந்துகொண்டிருந்தேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் மோதினார் மைக்கைத் தட்டி, இரண்டு தரம் இருமி, தொழுகைக்கு அழைக்கிற பாங்கைத் தொடங்கினார். நானாவுக்கு ஒரு காதில் பள்ளி, மறு காதில் சப்ரி. இரண்டிலும் அதே தட்டு, அதே இருமல். நான் போனைப் பொத்துவதற்குள் எல்லாம் போய்விட்டது. பாங்கு முடியும்வரை நானா போனை வைக்கவில்லை. பிறகு பேரீச்சம்பழத்தை ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு, மரியாதை குறையாமல் நானா கேட்டார்: "சேர், எங்கட மோதினார் எப்ப கொழும்புக்கு மாறிப் போனாரு?"

காசில்லாத படத்தில் ஹீரோ கடற்கரையில் தலைதெறிக்க ஓடுகிற காட்சி, கெமரா இல்லாமலே அன்றைக்கு ஒரே டேக்கில் முடிந்தது.