அலாரத்துக்கு வைத்த பொட்டு

இதைப் படிக்கிற பிள்ளைகளே, எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்வதில் மட்டும் ஒன்றையும் மறைக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

திண்டுக்கல்லில் துணி தேய்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தெருமுனைப் புங்க மரத்தடியில் என் வண்டி நிற்கும். என்னுடையது கரண்டுப் பெட்டி இல்லை, கரிப்பெட்டி. கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கித் தணல் சிவக்கும்வரை விசிறிவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன். புகை பட்டால் வெள்ளைச் சட்டை நாறிப்போகும். புகை இல்லாத தணல் நல்ல தணல். இருபது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த தொழில் பாடம் அதுதான்.

அந்த வெள்ளைப் பெட்டியைக் கொடுத்தது எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரம்மா. அவருடைய சுங்குடிச் சேலைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது நான்தான். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் லீவுக்கு வந்தபோது வாங்கி வந்தது. "எங்க வீட்டுல கரண்டு அடுப்புதாம்ப்பா. நீதான் நாள் பூரா கரியோட கெடக்க. கொண்டு போய் மாட்டு" என்றார். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு உண்டாம். கரியோ விறகோ கேஸோ சரியாக எரியாதபோது வருமாம். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. அது வீட்டுக்குள் சேர்ந்தால் இந்தப் பெட்டி கத்தும், உடனே எல்லாரும் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அந்தக் கோடையில் திடீரென்று ஒரு மழை வந்தது. வண்டியில் பாதி வேலை கிடந்தது. தணலோடு கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பெட்டி கத்திய கத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பி ஓடி வந்துவிட்டார். "என்னண்ணே, வீட்டுல ஆம்புலன்ஸ வளக்குறீங்களா?" என்று சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் நூல் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். "இனிமே இந்தக் கரிப்பெட்டி வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது. பாப்பா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

பாப்பா என்றது எங்கள் மகள். அப்போது பத்தாவது போயிருந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு அந்த வெள்ளைப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றியதும் அதன் பட்டனை அமுக்கிப் பார்ப்பேன். வீல் என்று கத்தும். தெருப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

ஆயுத பூஜை வந்தது. நம் வீடுகளில் அன்றைக்கு எதைத்தான் விடுவோம்? இஸ்திரிப் பெட்டியைப் புளி போட்டு விளக்கினேன். வண்டியைக் கழுவினேன். சக்கரம், விசிறி, கரி அள்ளும் கரண்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். குடும்பத்தைக் காக்கிற பெட்டிக்கு வைக்காமல் இருப்பேனா? ஒற்றைப் பொட்டு போதாது என்று தோன்றியது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் அதன் முகத்தில் அகலமாகப் பட்டை போட்டேன். நடுவில் குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம். முகத்தில் கீற்றுக் கீற்றாக இருந்த ஓட்டைகளை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பட்டை அவற்றின் மேலேயே விழுந்தது. பூஜையில் வைத்த பொட்டை யாரும் கழுவுவதில்லையே, அது காய்ந்து இறுகி அப்படியே நின்றது.

பிறகு தீபாவளி நெருங்கியது. மூட்டை மூட்டையாகத் துணி. சிறுமலைப் பக்கம் மத்தியானமே கறுத்துக்கொண்டு வந்து ஊற்றும். அப்படி ஒரு நாள் மனைவி மில்லுக்குப் போயிருந்தாள். மகளுக்கு மறுநாள் பரீட்சை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நான் தணல் சிவந்த பெட்டியோடு வாசற்படியில் நின்று அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தேன். புகையில்லாத நல்ல தணல்தானே, ஏதாவது என்றால் அது கத்தப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

அது கத்தவில்லை. தேய்க்கத் தேய்க்க என் தைரியம் கூடியது. கரி இன்னும் கொஞ்சம் போட்டேன். சாரல் அடித்ததால் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன்.

"அப்பா, தல வலிக்குதுப்பா" என்றாள் மகள்.

"புத்தகத்தத் தொறந்தாலே ஒனக்குத் தல வலிக்கும். படி தாயி."

"நெசமாத்தாம்ப்பா. கொமட்டுது. கதவச் செத்த தொறக்கவா?"

"தொறந்தா அம்புட்டுச் சட்டையும் நனஞ்சிரும். யார் பதில் சொல்றது? நான் இத குடுத்துட்டு ஓடியாறேன். கதவு சாத்தியே இருக்கட்டும்."

தேய்த்த துணிகளைப் பாலிதீனில் சுற்றிக்கொண்டு குடையோடு கிளம்பினேன். பெட்டியைத் தணலோடு உள்ளேயே வைத்துவிட்டுப் போனேன். தெருவில் இறங்கியதும் எனக்கும் தலை கனத்தது. காலையிலிருந்து நின்ற அசதி என்று நினைத்து வழியில் ஒரு டீ குடித்தேன். ஆமாம் பிள்ளைகளே, என் மகள் உள்ளே கிடக்க, நான் டீ குடித்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் மனைவியின் குடை கிடந்தது. கதவு ஆவென்று திறந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவள் மகளைத் தோளைப் பிடித்து இழுத்து வாசல் மழையில் போட்டிருந்தாள். பிள்ளை வாந்தி எடுத்திருந்தது. கண் சொருகியிருந்தது. ஆட்டோக்காரத் தம்பி இந்த முறை சிரிக்கவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. மகளின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வீட்டுக்குள்ள கரி, வெறகு, ஜெனரேட்டர்னு எதுவும் எரிஞ்சுச்சா?"

மனைவி அப்போது சீட்டுப் போடும் இடத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது.

"இல்லீங்க" என்றேன். "மத்தியானம் புரோட்டா சாப்ட்டா. அது ஒத்துக்கல போல."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, வயிற்றுக்கு ஊசி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மனைவி என்னையே பார்த்தாள். ஓடி வந்தவள் கரிப்பெட்டியைச் சரியாகக் கவனித்தாளோ என்னவோ தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் பிள்ளை பிழைப்பதைவிட என் பொய் நிற்பது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இதை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், எழுத வரவில்லை.

அப்போது மகள் லேசாகக் கண் திறந்தாள். நாக்குக் குழறியது. "அப்பா, கதவ நான் தொறக்கலப்பா. சட்ட ஒண்ணும் நனையலல்ல?"

அதைக் கேட்ட பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டாக்டரம்மா பின்னால் ஓடினேன். "எரிஞ்சுச்சுங்கம்மா. கரிப்பெட்டி. கதவ நாந்தான் சாத்தச் சொன்னேன்" என்று வார்டு முழுவதும் கேட்கக் கத்தினேன். அவர் திட்டவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து, மகள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்து இறுக்கிக் கட்டச் சொன்னார். "இத மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். மனைவி மகளின் ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

மகள் தேறிவிட்டாள். தலைவலியும் தடுமாற்றமும் போகச் சில நாள் ஆனது. தேறியதும் முதல் வேலையாக அலாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த அதன் விளக்கத் தாளைப் படித்தாள்.

"அப்பா, இந்த ஓட்டதான் இதுக்கு மூக்கு. மூக்குல சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க."

"பட்டன அமுக்குனா கத்துச்சே தாயி?"

"அது பேட்டரியும் சத்தமும் சரியா இருக்கான்னு பாக்குறதுக்குப்பா. உள்ள காத்து போகுதான்னு அது சொல்லாது."

சந்தனம் உள்ளே இறங்கியிருந்ததால் அதை இனி நம்ப முடியாது என்று புதிதாக ஒன்று வாங்கினோம். இடத்தை அவள்தான் பார்த்தாள். சாமி படம், ஊதுபத்தி, அடுப்பு எதற்கும் பக்கத்தில் இல்லாமல், நாங்கள் படுக்கிற அறையில், திரைச்சீலை மறைக்காத சுவரில். வாரம் ஒரு முறை பட்டன். மாதம் ஒரு முறை காய்ந்த துணியால் மேலே மட்டும் துடைப்பாள். தண்ணீர் படக்கூடாது, செண்டு, கொசு மருந்து எதையும் அதன் பக்கத்தில் அடிக்கக்கூடாது. இடைவெளி விட்டு விட்டுக் கீச்சென்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம்தான் உழைக்கும் என்று அதன் முதுகில் போட்டிருக்கிறது, அதற்கு மேல் வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை. கத்தினால் காரணம் தேடி நிற்காமல் வெளியே ஓட வேண்டும். அது கத்தாமல் இருக்கிறது என்பதற்காகத் தணலை உள்ளே கொண்டுவரவும் கூடாது. இந்தக் கடைசி வரி தாளில் அப்படியே இருந்ததா, எனக்காக அவள் சேர்த்துக்கொண்டாளா தெரியாது. நான் கேட்கவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு வீடெல்லாம் சுற்றி வந்தேன். மகள் அலாரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இதுக்கு மட்டும் வேணாம்ப்பா."

"தெரியும் தாயி."

அவள் நகரவில்லை. "ஆஸ்பத்திரியில ஏம்ப்பா இல்லன்னு சொன்னீங்க?" என்றாள். மயக்கத்தில் கிடந்தவள் அதைக் கேட்டிருக்கிறாள். ஒரு வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "ஒங்க அம்மாவுக்குப் பயந்துட்டேன்" என்றேன். "ஒன்ன நெனைக்கல."

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவிக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே மழைக்குப் பழைய தகரத்தில் நான் இறக்கியிருக்கும் சாய்ப்புக்கடியில், மூன்று பக்கமும் திறந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதற்கு அவளே பொட்டு வைத்தாள்.